மேளம் கேட்ட காதுக்குப் புரோக்ரசிவ் ராக்

புரோக்ரசிவ் ராக் என்பது 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் கிளம்பிய ஒரு வகை ராக் இசை. கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், கீபோர்டு, பாட்டு என்று ராக்குக்கு உண்டான எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் மூன்று நிமிடத்தில் முடியாது. எட்டு நிமிடம், பத்து நிமிடம் போகும். சில சமயம் ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடும். நடுவில் தாளம் மாறும், வேகம் மாறும், பாடகர் நாலைந்து நிமிடம் வாயே திறக்க மாட்டார். இதனாலேயே "நமக்கு ஒத்துவராதுப்பா" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்கள், "இதெல்லாம் காலேஜ் வயசுல கேட்டிருக்கணும், இனிமே எங்க" என்பார்கள்.

நான் நேர் எதிராக நினைக்கிறேன். இந்த இசையில் இறங்க நல்ல வயது ஐம்பதுக்கு மேல்தான். அதிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, நெம்மாறை என்று பாலக்காட்டு எல்லையோரத்தில் வளர்ந்த தமிழர்களுக்கு இதைக் கேட்க வேண்டிய காது ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஒரே ஒரு குழுவை, ஒரே ஒரு ஆல்பத்தை வைத்துச் சொன்னால் விளங்கும். லண்டனில் 1968இல் தொடங்கிய யெஸ் என்ற குழு. 1972 செப்டம்பரில் அவர்கள் வெளியிட்ட 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற ஆல்பம்.

முதலில், பாட்டு ஏன் இவ்வளவு நீளமானது என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் வானொலியில் ஒலித்த பாட்டெல்லாம் சின்ன ரெக்கார்டில் வருபவை. ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். எல்பி எனப்படும் பெரிய ரெக்கார்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் உண்டு. ரொம்ப நாள் அந்த இடத்தில் சின்னப் பாட்டுகளையே வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 1967இல் பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பம் வந்த பிறகு, ரெக்கார்டு முழுவதையும் ஒரே படைப்பாக நினைக்கலாம் என்ற துணிச்சல் பலருக்கு வந்தது. 1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. இந்த வகை அங்கேதான் உருப்பெற்றது என்று பலரும் சொல்வார்கள். அப்புறம் ஜெனசிஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர் என்று வரிசையாக வந்தார்கள். ஜெத்ரோ டல் குழுவின் ஒரு ஆல்பம், அதுவும் 1972இல் வந்ததுதான், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டு.

இந்தக் குழுக்களில் இருந்தவர்கள் எங்கே கற்றார்கள் என்பதும் முக்கியம். யெஸ் குழுவின் பேஸ் கிதார்க்காரர் கிரிஸ் ஸ்குவயர் சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர். கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் சேர்ந்து படித்து, முடிக்காமல் பாதியில் வெளியே வந்தவர். டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபோர்டுக்கு ஜாஸ் என்றால் உயிர். கிதார் வாசித்த ஸ்டீவ் ஹவ்வின் கையில் ஜாஸும் உண்டு, நாட்டுப்புறமும் உண்டு, ஸ்பானிய கிதாரும் உண்டு. பாடகர் ஜான் ஆண்டர்சன் முறையாக எதையும் கற்காதவர்; லாங்க்கஷயரின் ஒரு சிற்றூரில் வீடு வீடாகப் பால் போட்டவர். உச்சக் குரலில் மெட்டைப் பாடிக் காட்டுவார், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கட்டுவார்கள். ஐந்து பேரும் ஐந்து திசையிலிருந்து வந்தவர்கள் என்பதால், ஒரே பாட்டுக்குள் தேவாலய ஆர்கனும் ஜாஸ் தாளமும் மோதிக்கொள்ளாமல் உட்காருகின்றன.

சரி, இதற்கும் பாலக்காட்டுக் காதுக்கும் என்ன சம்பந்தம்?

கேரளக் கோயில் திருவிழாக்களில் செண்டையும் இலைத்தாளம் என்ற வெண்கலத் தாளமும் கூடி முழங்கும் பஞ்சாரி மேளத்தை நினைத்துப் பாருங்கள். முதல் காலம் 96 அட்சரம், அதாவது ஒரு தாள வட்டத்துக்கு 96 எண்ணிக்கை. இரண்டாம் காலம் 48, அப்புறம் 24, 12, கடைசியில் 6. ஒவ்வொரு படியிலும் தாள வட்டம் பாதியாகச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க வேகம் ஏறுகிறது. முதல் காலத்தில் புதிதாக வந்தவர் யாராவது பக்கத்தில் நின்றால், "என்னங்க, ஒண்ணுமே நடக்கலியே" என்பார். நமக்குத் தெரியும், நடந்துகொண்டுதான் இருக்கிறது. செண்டைக்காரர்கள் எங்கே போய்ச் சேரப்போகிறார்கள் என்பதும் தெரியும். இலைத்தாளம் எந்த இடத்தில் வட்டத்தை மூடும் என்று கை தானாகக் காத்திருக்கும். ஐந்தாம் காலத்தில் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்குகிறதே, அது அந்த அரை நிமிட வேகத்துக்காக மட்டும் எழும் ஆனந்தமா? இரண்டு மூன்று மணி நேரமாகச் சேர்த்து வைத்த காத்திருப்பும் அதில் இருக்கிறது.

புரோக்ரசிவ் ராக் கேட்க வேண்டியது இந்தக் காதுதான். நீளத்தைத் தாங்கும் காது. முன்னால் வந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு, அது திரும்பி வரும்போது எப்படி மாறியிருக்கிறது என்று கவனிக்கும் காது. சினிமாப் பாட்டில் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நமக்கு ஒரு வரைபடம் பழகியிருக்கிறது. அந்த வரைபடத்தோடு யெஸ் குழுவிடம் போனால் வழி தப்பும். மேளத்தின் வரைபடத்தோடு போனால் தப்பாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மேளம் பெரும்பாலும் ஒரே திசையில் ஏறும். இவர்கள் ஏறுவார்கள், நடுவில் மொத்தமாக அமைதியாவார்கள், மறுபடி ஏறுவார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எனக்குப் பழக்கம். மாஷ், அதாவது வாத்தியார், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அறுபதைத் தாண்டியவர். நெம்மாறை வல்லங்கி வேலை என்ற கோயில் திருவிழாவுக்குத் தவறாமல் போவார். பஞ்சவாத்தியத்துக்கு முன்வரிசையில் நிற்பார். ராக் இசை என்று ஒன்றைத் தேடிக் கேட்டதே இல்லை. ஒரு மத்தியானம் அவருக்கு ஹெட்போன் மாட்டி 'குளோஸ் டு தி எட்ஜ்' போட்டுவிட்டேன். ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதல் பாட்டு, 18 நிமிடத்துக்கு மேல் ஓடும். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கிக் கேட்டார்: "ஏனுங்க, இதுல பாட்டு எப்பத்தான் ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு மூணு நிமிஷம் ஆச்சுங்க மாஷே."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பத்தாவது நிமிடம் தாண்டியிருக்கும். பாட்டு வெகுவாக அடங்கி, குரல்கள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக மெதுவாகப் போகிற இடம். விரலைத் தூக்கினார். "இந்த வரி முன்னாடியே வந்துச்சுங்களே? அப்ப ஓட்டமா வந்துச்சு. இப்ப நடந்து வருது." எனக்கு அப்படியே கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதியை அவரே சொல்லிவிட்டார்.

அவர் கண்டுபிடித்தது என்ன என்று இப்போது கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பாட்டைப் போட்டுக்கொண்டே படித்தால் இன்னும் நல்லது. நேரங்களைத் தோராயமாகத்தான் சொல்கிறேன்.

தொடக்கத்தில் பறவைச் சத்தமும் தண்ணீர் ஓடுகிற சத்தமும். அதன் கீழிருந்து கீபோர்டு மெல்லப் பெருகி வருகிறது. ஒரு நிமிடம் ஆகும் முன்பே சட்டென்று குழு முழுவதும் பாய்கிறது. இந்த இடத்தில்தான் பலர் அணைத்துவிடுவார்கள். கிதார் ஒரு பக்கம் தாறுமாறாக ஓடும், பேஸ் வேறு பக்கம் ஏறும், டிரம்ஸ் யாருக்கும் கட்டுப்படாதது போல் இருக்கும். நடுநடுவே "ஆ" என்று குரல்கள் சேர்ந்து எழுந்ததும் எல்லாம் டக்கென்று நின்று, மறுபடி பாயும். பயப்பட வேண்டாம். எல்லா வாத்தியத்தையும் ஒரே நேரத்தில் கேட்க முயலாமல் பேஸ் கிதாரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்குவயரின் பேஸ் வழக்கமான பேஸ் போல அடியில் உறுமிக்கொண்டிருக்காது. கணீரென்று மேலே வந்து தனி மெட்டு வாசிக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கலவரத்துக்குள் ஒரு பாதை தெரியும்.

மூன்றாவது நிமிட வாக்கில் கலவரம் அடங்கி கிதார் தெளிவாக ஒரு மெட்டை வாசிக்கிறது. நான்காவது நிமிடத்தில்தான் பாடல் வரிகள் தொடங்குகின்றன. இது முதல் பகுதி. இதன் முடிவில் "ஐ கெட் அப், ஐ கெட் டவுன்" என்று ஒரு சின்ன வரி வந்து போகும். எழுகிறேன், விழுகிறேன், அவ்வளவுதான். அதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாவது நிமிடத்தில் இரண்டாம் பகுதி. பாடுகிற மெட்டு முன்பு கேட்டதுதான்; ஆனால் அடியில் தாளத்தை மாற்றிவிட்டார்கள். அதே வீட்டுக்குள் வேறு வாசல் வழியாக நுழைந்தது போலிருக்கும். எட்டரை நிமிடத்தில் எல்லாம் அடங்கி மூன்றாம் பகுதி. முதலில் ஓட்டமாக வந்த அந்தச் சின்ன வரி இங்கே பெரிதாக விரிகிறது. இரண்டு விதமான பாடல்வரிகள், வேறு வேறு குரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பன்னிரண்டாவது நிமிடத்தில் தேவாலயக் குழாய் ஆர்கன் திறக்கிறது. அது கீபோர்டில் செய்த நகல் கிடையாது. லண்டன் கிரிப்பிள்கேட்டில் இருக்கிற செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தின் நிஜ ஆர்கனில் வேக்மன் வாசித்துப் பதிவு செய்தது. ஹெட்போனில் கேட்டால் நெஞ்சுக்குள் அதிரும்.

பதினாலாவது நிமிடத்தில் வேகம் திரும்புகிறது. ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்சார ஆர்கனில் வேக்மன் தனி ஆவர்த்தனம் போல ஒன்று வாசிக்கிறார். பிறகு பாடல்வரிகள் மறுபடி. கடைசியில் அதே "ஐ கெட் அப்" வரி, இந்த முறை முழுக் குழுவோடு, உச்ச சுருதியில். ஐந்தாம் காலம் வந்துவிட்டது. அப்புறம் தண்ணீர், பறவை, முடிவு.

முதல் தடவை கேட்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் பின்தொடருங்கள், போதும். எங்கே வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது, யாரோடு வருகிறது. இன்னொரு நாள் பேஸ் மட்டும். பிறகு டிரம்ஸ் மட்டும். இப்படிக் கேட்டவர்கள் யாரும் "நீளமாக இருக்கிறது" என்று மறுபடி சொல்லி நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் அவர்கள் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்யவில்லை. லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் துண்டு துண்டாகப் பதிந்து, பதிவுப் பொறியாளர் எடி ஆஃபர்டு அந்த நாடாவை வெட்டி ஒட்டிச் சேர்த்தார். அப்படிச் சேர்த்ததை மேடையில் முழுதாக வாசிக்கத் தாங்களே உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. ஆல்பம் முடிந்த கையோடு புரூஃபோர்டு கிங் கிரிம்சனுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஆலன் ஒயிட்டுக்கு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு முன்னால் சில நாட்களே இருந்தன. அதற்குள் இத்தனையையும் கற்றுக்கொண்டு மேடை ஏறினார்.

பாடல்வரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் இந்த வரிகள் நேராகப் பொருள் தராது. ஆண்டர்சன் சொற்களைப் பொருளுக்காக எடுத்த அளவுக்கு ஓசைக்காகவும் எடுத்தவர். அதனால் ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஜதி சொல்லும்போது நாம் பொருளா தேடுகிறோம்?

ஆனாலும் அந்த வரிகளுக்கு ஒரு மூலம் உண்டு, அது நம் பக்கத்துக்கு நெருங்கிய சங்கதி. ஆண்டர்சனுக்குத் தூண்டுதலாக இருந்தது ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1922இல் எழுதிய 'சித்தார்த்தா' நாவல். அதில் நாயகன் கடைசியில் ஒரு ஆற்றங்கரையில் வாசுதேவன் என்ற படகுக்காரனோடு தங்கி, ஆற்றின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றுக்கொள்கிறான். பாட்டின் முதலிலும் கடைசியிலும் தண்ணீர் ஓடுவதற்கு இது போதும். இந்த ஹெஸ்ஸேயின் அம்மா மேரி பிறந்தது எங்கே தெரியுமா? தலச்சேரியில், 1842இல். மேரியின் அப்பாதான் ஜெர்மன் பாதிரியார் ஹெர்மன் குண்டர்ட். இந்தியாவுக்கு வந்ததும் முதலில் தமிழ் கற்று, திருநெல்வேலியிலும் ஆந்திரச் சித்தூரிலும் இருந்து, 1839இல் தலச்சேரிக்குப் போய், கடைசியில் மலையாளத்துக்கே பெரிய அகராதி செய்து கொடுத்தவர். அந்த அகராதி அச்சானது 1872இல். யெஸ் குழுவின் ஆல்பம் வந்தது 1972இல். குண்டர்ட்டின் பெயரைக் கேட்டு வளர்ந்த கேரளத்துத் தமிழர்கள் அவர் பேரன் எழுதிய நாவல் வழியாக ஒரு லண்டன் குழுவின் பாட்டுக்கு வந்து சேருவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

தாளக் கணக்கு இந்த இசையில் ஒரு தனி இன்பம். ராக் பாட்டு சாதாரணமாக நாலு நாலாக நடக்கும். புரோக்ரசிவ் ராக் குழுக்கள் ஐந்து, ஏழு, ஒன்பது என்று போவார்கள். மேற்கே இதைக் கேட்டுத் திணறியவர்கள் நிறைய. ஐந்தில் நடக்கும் கண்ட சாபும் ஏழில் நடக்கும் மிஸ்ர சாபும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாண்டி மேளத்தின் ஏழு பழகியவர்களுக்கு, இதில் என்ன பயம்? பிங்க் ஃபுளாய்ட் என்ற இங்கிலாந்துக் குழுவின் 'மணி' பாட்டைப் போட்டு, பேஸ் கிதாரோடு ஏழு வரை எண்ணிப் பாருங்கள். மிஸ்ர சாபு போல மூன்றும் நாலுமாகப் பிரித்தால் சரியாக உட்காராது; சும்மா ஏழு என்று எண்ணினால் போதும். சாக்சபோன் அதே ஏழில் வாசிக்கும். கிதார் தனியாக எடுத்தவுடன் தாளம் நாலுக்கு மாறும். அந்த மாற்றத்தைத் தொடையில் தட்டிப் பிடித்துவிட்டால் ஒரு சின்ன வெற்றி. ஜெத்ரோ டல் குழுவின் 'லிவிங் இன் த பாஸ்ட்' ஐந்தில் நடப்பது. மூன்று நிமிடம்தான், புல்லாங்குழல் வேறு.

இளம் வயதில் இது ஏன் பலருக்குப் பிடிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வயதில் பாட்டுக்கு வேலை இருக்கிறது. பஸ்ஸில் ஒலிக்க வேண்டும், டீக்கடையில் ஒலிக்க வேண்டும், காதலிக்கும்போது துணைக்கு வர வேண்டும், நண்பர்களோடு ஆட வேண்டும். பதினெட்டு நிமிடப் பாட்டு இதில் எதற்கும் உதவாது. அது உட்கார்ந்து கேட்பதற்காக மட்டுமே இருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய், கடனெல்லாம் ஒரு வழியாக அடைந்து, சாயங்காலம் கொஞ்சம் நம் கைக்கு வரும்போதுதான் அப்படி உட்கார முடிகிறது. அதற்குள் காதில் எத்தனையோ இசை சேர்ந்திருக்கும்: கல்பாத்தித் தேர் சமயத்துக் கச்சேரி, வேலைத் திருவிழா மேளம், இளையராஜாவின் இடையிசை. இருபது வயதில் இருந்ததைவிட ஐம்பத்தைந்தில் நம் காது பணக்காரக் காது. அதனால் தாமதமாக வந்துவிட்டோம் என்று யாரும் கூச வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்? நேராகப் பதினெட்டு நிமிடத்துக்குப் போக மாஷ் போன்றவர்களால்தான் முடியும். மற்றவர்கள் 1971இல் வந்த யெஸ் குழுவின் 'ஃப்ராஜைல்' ஆல்பத்தின் 'ரவுண்டபௌட்' பாட்டை முதலில் கேட்கலாம். எட்டரை நிமிடம். அபர்டீனிலிருந்து கிளாஸ்கோவுக்கு வண்டியில் போன வழியில் பிறந்த பாட்டு. வழிநெடுகத் தென்பட்ட ரவுண்டானாக்கள்தான் தலைப்பு. முதல் கிதார் சுரமே மனதைப் பிடிக்கும். அடுத்தது 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் மறுபக்கத்தில் இருக்கிற 'ஆண்ட் யூ ஆண்ட் ஐ'. பத்து நிமிடம், என் கணக்கில் இவர்கள் செய்ததிலேயே மிக அழகானது. அப்புறம் பெரிய பாட்டு. இயன்றால் ஸ்டீவன் வில்சன் என்ற இசைக்கலைஞர் புதிதாக ஒலிக்கலவை செய்து 2013இல் வந்த பதிப்பைத் தேடிக் கேளுங்கள். வாத்தியங்கள் தனித்தனியாகத் துலங்கும். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பேஸ் காணாமல் போய்விடும்.

1973இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' ஆல்பத்தைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாத்திரங்களைப் பற்றி வருகிற ஒரு அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஆண்டர்சன் விரித்தது. இரண்டு ரெக்கார்டு, நாலு பக்கம், நாலே பாட்டு, எண்பது நிமிடம். நம் ஊர்ச் சங்கதி என்று ஆசையாக அதில் முதலில் குதித்தால் மூச்சு முட்டும். வேக்மனுக்கே அது பிடிக்காமல் 1974இல் குழுவைவிட்டு விலகினார். எனக்கு அதன் கடைசிப் பாட்டு ரொம்பப் பிடிக்கும், நடுவில் சில இடங்கள் இழுவை.

மாஷ் இப்போது ஜெத்ரோ டல் பக்கம் போயிருக்கிறார். புல்லாங்குழல்காரர் ஒற்றைக் காலில் நின்று வாசிப்பார் என்று சொன்னதும் வீடியோதான் வேண்டும் என்று கேட்டார். ரெண்டு பக்கமும் ஒரே பாட்டாக இருக்கிற அந்த ஆல்பத்தை அடுத்த வாரம் கேட்பதாக இருக்கிறோம்.